உப்பறியாப் பிணங்கள்

ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் வரைந்திருக்கிறார். அவருடைய மகன் கைத்தொலைபேசியில் ஒரு சித்திரக்கதையை விடாமல் வாசித்து வருகிறானாம். பழைய கேலிப்படங்களில் துள்ளித் திரிந்த எலியும் பூனையும் முயலும் வாத்தும் அக்கதையில் அழுகிய பிணங்களாய் எழுந்து, ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. கட்டத்துக்குக் கட்டம் இரத்தம். மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கை வெளியே நீளும் படத்தைப் பையன் சிரித்தவாறே பாட்டியாரிடம் காட்டியிருக்கிறான். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குச் சென்றுவிட்டார். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியதல்லவா? அந்த அம்மையாரின் உறவினரும் அதில் அகப்பட்டவர்கள். அன்று மண்ணுக்குள் போனவர்களிற் பலருடைய உடல்கள் எடுக்கப்படவேயில்லை. இத்தகைய குப்பைகளை அரசாங்கம் தடை செய்ய வேண்டுமென்று நாம் எழுத வேண்டுமாம்.

அன்பரின் சினம் நியாயமானதே. ஆயினும் தடை என்னும் மருந்து முன்பே பரீட்சிக்கப்பட்டதொன்று. அந்தக் கதை சற்று வேடிக்கையானது.

1954இல் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்த்தாம் என்னும் மனநோய் வைத்தியர், சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். செனட் சபையின் உபகுழுவும் விசாரணை நடத்திற்று. அஞ்சிய பிரசுரகர்த்தர்கள் தாமே கூடி ஒரு விதிக்கோவையை வகுத்து, நடமாடும் பிணம், இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் யாவற்றையும் விலக்கி வைத்தனர். பிரிட்டன் 1955இலும் இந்தியா 1956இலும் இளைஞருக்குத் தீங்கான பிரசுரங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றின. 1971இல் அமெரிக்க விதி தளர்ந்தது. காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் அனுமதி கிடைத்தது. பள்ளிகளில் வாசிக்கப்படும் பெரிய ஆசிரியர்கள் அத்தகைய கதைகளை எழுதியிருக்கிறார்களாம்! ‘ஸோம்பி’ என்னும் நடைப்பிணத்துக்கு மாத்திரம் கதவு திறக்கவில்லை. அதற்கு இலக்கியப் பரம்பரை கிடையாதென்பது காரணம். பிரபல நிறுவனமொன்று பெயரை ‘ஸுவெம்பி’ என்று திரித்து, அதே பிணங்களைத் தாராளமாக நடமாட விட்டது. கைத்தொலைபேசி இல்லாத காலத்துத் தடைக்கே இந்தக் கதியென்றால், இன்றைய தடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஸோம்பிக்கு ஏன் இலக்கியப் பரம்பரை இல்லை? காட்டேரி கோட்டையில் வாழ்ந்த பிரபு; எழுதப் படித்தவர்கள் அவனைப் பற்றி எழுதினார்கள். ஸோம்பியோ தோட்டத்திற் பிறந்தவன்.

கரீபியன் கடலிலுள்ள ஹெயிட்டி ஒருகாலத்திற் பிரெஞ்சுக்காரரின் குடியேற்ற நாடு. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பும் கோப்பியும் பயிரிட்டு மாண்டனர். இறந்தபின் ஆவியேனும் தாய்நாட்டுக்குத் திரும்பும் என்பது அவர்களுக்கிருந்த ஆறுதல். அந்த ஆறுதலும் பறிபோனால்? மந்திரவாதியொருவன் புதைகுழியிலிருந்து உடலை எழுப்பி, மறுபடியும் தோட்டத்தில் வேலை வாங்கினால்? இந்தப் பயத்தின் உருவமே ஸோம்பி. அடிமைகள் 1791இற் கிளர்ந்தெழுந்து 1804இற் சுதந்திர நாடு கண்டபின்னரும் அப்பயம் அகலவில்லை. ஸோம்பி என்றதும் நம் காதுக்குச் சோம்பேறியின் நினைவு வரலாம். அவனைப்போல ஓய்வின்றி உழைத்தவன் எவனுமில்லை. அவன் யாரையும் கடிக்கவுமில்லை. நம் வேதாளமும் பிணத்துட் புகுந்ததுதான். ஆனால் அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் தீட்டியபடி விக்கிரமனின் தோளிற் கிடந்துகொண்டே அது கதை சொல்லும், கேள்வி கேட்கும், அரசனையே மடக்கும். ஸோம்பிக்கு வாயில்லை.

ஊவா மலையில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. நம் முன்னோரைச் சட்டம் அடிமைகள் என்று சொல்லவில்லை, கூலியும் இருந்தது. எனினும் விடியுமுன் தப்பு முழங்கப் பெரட்டுக்கு வந்து நின்றவர்களையும், கொழுந்து குறைந்த நாளில் ‘அரைப்பேர்’ என்று எழுதப்பட்டவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் உழைப்புக்கே ‘பேர்’ என்று பெயரிட்டு, அதனையும் பாதியாக வெட்டிய இடம் இது. கடன் விபரம் குறித்த ‘துண்டு’ கையில் இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது.

சினிமாக்காரர் கைக்குப் போனபின் ஸோம்பியின் குணம் மாறிற்று. 1932இல் வெளிவந்த ‘வெள்ளை ஸோம்பி’ என்ற படத்திற் கரும்பாலையில் ஒரு பிணம் தவறி இயந்திரத்துள் விழுகிறது. ஏனையவை திரும்பியும் பாராமல் ஆலையைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அதுவரையில் தோட்டத்து நினைவு இருந்தது. 1968இல் ஜோர்ஜ் ரொமேரோவின் படத்தில் எழுந்த பிணங்கள் மனித மாமிசம் தின்னும் கூட்டமாயின. தோட்டத்தால் தின்னப்பட்டவன், பார்ப்பவரைத் தின்ன வருகிறவனாக ஆக்கப்பட்டான்.

கேலிப்படங்களை நையாண்டி செய்யும் இந்தச் சித்திரக்கதைகள் அந்த வழியில் வந்தவை. அவற்றில் ஒரு நல்ல எண்ணமும் உண்டென்பதை மறைப்பானேன்? ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று பேச வைத்த முயலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் பார்த்துச் சிரித்தார்கள். பாறை விழுந்தாலும் வெடி வெடித்தாலும் கேலிப்படத்துப் பிராணிகள் சாவதில்லை. அடுத்த நொடியில் எழுந்து ஓடும். ‘அவற்றுக்கு மெய்யாகவே இரத்தம் இருந்தால்?’ என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வி முதற் சில பக்கங்களில் உறைக்கிறது. அதன்பின் வருவதெல்லாம் வடித்த தேயிலையை மறுபடி வடித்த சாயம். மிக்கி எலி தோன்றிய 1928ஆம் ஆண்டுப் படத்தின் உரிமை 2024 ஜனவரி முதலாந் திகதியுடன் அமெரிக்காவிற் பொதுச்சொத்தாகிவிட்டபடியால், இத்தகைய சாயம் இனியும் நிறைய வரும்.

ஆகவே அன்பரே, தடை கோரி நாம் எழுதப் போவதில்லை. பாட்டியார் ஏன் எழுந்து போனார் என்பதைப் பையனுக்குச் சொல்லுங்கள். அவரே சொல்வாராயின் இன்னும் நன்று. பிறகு வில்லியம் ஸீபுரூக் என்ற அமெரிக்கர் ஹெயிட்டியிற் கேட்டு, 1929இல் நூலாக வெளியிட்ட கதையையும் சொல்லுங்கள்.

மலைக்கிராமத்து ஆள் ஒருவன், வாய் பேசாத ஒரு கூட்டத்தைக் கரும்புத் தோட்டத்துக்கு அழைத்து வந்து பேர் பதிந்தான். சனிக்கிழமைதோறும் அத்தனை பேருடைய சம்பளத்தையும் தானே வாங்கிக்கொண்டான். தலைக்காசு வாங்கிய கங்காணிகளை அறிந்த நமக்கு அவனை அடையாளம் காண்பது கடினமன்று. அவர்களுக்கு உப்பில்லாத உணவே கொடுக்கப்பட்டது; உப்புப் பட்டால் பிணத்துக்கு நினைவு திரும்பிவிடுமாம். நம்மிடையே உப்பு என்பது எசமானோடு கட்டிவைக்கும் கயிறு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்போம். அங்கே அது கயிற்றை அறுக்கும் கத்தி. ஒரு திருவிழா நாளில் அவனுடைய மனைவி அவர்கள்மேல் இரக்கங்கொண்டு கடையில் இனிப்புப் பண்டம் வாங்கிக் கொடுத்தாள். அதிற் கலந்திருந்த கொட்டைகளில் உப்பு இருந்தது. தின்றதும் தாம் இறந்தவர்கள் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. ஓலமிட்டு எழுந்து, தங்கள் மலையை நோக்கி நடந்தார்கள். கிராமத்தில் உற்றார் அடையாளம் கண்டு, பேர் சொல்லி அழைத்தனர். அவர்கள் நிற்கவில்லை. இடுகாட்டை அடைந்து, அவரவர் குழியின் மண்ணை அவரவர் கைகளாலேயே தோண்டத் தொடங்கி, அங்கேயே விழுந்து பிணமானார்கள்.