கெடில்ஸ்டன்: ஒரே வீடு, இரண்டு ஊர்

ஊரிலிருந்து யார் கல்கத்தா வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு டூர் புரோகிராம் தயாராக இருக்கும். காளிகாட், தட்சிணேஸ்வரம், ஹௌரா பாலம், விக்டோரியா மெமோரியல். போன முறை மாமா வந்திருந்தபோது எஸ்பிளனேட் பக்கம் டாக்சி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. வாசல் வளைவின் மேல் சிங்கம் நிற்கும் கவர்னர் மாளிகையைக் காட்டினேன். "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்யா, எப்படிக் கட்டியிருக்கான் பாரு!" என்றார் மாமா. பின் சீட்டிலிருந்து என் பெண், "எல்லாம் நம்ம காசு, தாத்தா" என்றாள்.

இரண்டு பேரும் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி இங்கிலாந்தில் டார்பிஷயரில் இருக்கிறது. கெடில்ஸ்டன் ஹால் என்று பெயர். ஆபீஸ் வேலையாகப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க வாய்த்தது. அதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன்.

கெடில்ஸ்டன், கர்சன் குடும்பத்தின் வீடு. ஆமாம், வங்கத்தைப் பிரித்த அதே கர்சனின் குடும்பம்தான். 12-ம் நூற்றாண்டிலிருந்து அவர்களுக்கு அங்கே நிலம். 1758-ல் சொத்துக்கு வந்த நதானியல் கர்சன், இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். முதலில் மாத்யூ பிரெட்டிங்ஹாம், பிறகு ஜேம்ஸ் பெயின், கடைசியில் ரோமிலிருந்து படித்துவிட்டு வந்த ராபர்ட் ஆடம் என்று மூன்று ஆர்க்கிடெக்ட்கள். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று :-)

ஆனால் முடிந்தது என்னவோ அற்புதமாகத்தான். நடுவில் ஒரு பெரிய கட்டிடம். அதிலிருந்து வளைந்து போகும் தாழ்வாரங்கள், அவற்றின் முனையில் தனித்தனிக் கட்டிடங்கள். ஒன்றில் குடும்பம் வசிக்க, இன்னொன்றில் சமையல். நாலு மூலைக்கும் நாலு கட்டிடம் என்பது பிளான், கட்டியது இரண்டுதான். உள்ளே மார்பிள் ஹாலில் 25 அடி உயரத்தில் 20 அலபாஸ்டர் தூண்கள். அதற்கு அடுத்து, ரோமின் பாந்தியன் கோயிலைப் பார்த்துக் கட்டிய வட்டமான கூடம். மேலே குவிமாடம், உயரம் 62 அடி. தெற்கு முகப்பு, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் வெற்றி வளைவு மாதிரி.

நடுக் கட்டிடம் குடியிருக்கக் கட்டியதல்ல, வருகிறவர்களுக்குக் காட்டக் கட்டியது. 1777-ல் அங்கே போன டாக்டர் ஜான்சன், இது ஊர் மன்றக் கட்டிடமாக நன்றாக இருக்கும் என்று கிண்டலடித்தார். அந்தக் கிண்டல் பின்னால் ஒருவிதத்தில் பலித்துவிட்டது. அதற்கு வருகிறேன்.

பார்க்க வருகிறவர்கள் சட்டென்று கவனிக்காத ஒன்று உண்டு. மாளிகைக்கு ஒட்டினாற்போல் ஒரு பழைய மாதா கோயில் நிற்கிறது. ஊரே இல்லாத இடத்தில் ஊர்க் கோயில் எப்படி வந்தது? ஊர் இருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் பசும்புல் மட்டும் தெரிய வேண்டும் என்று கிராமத்தையே தூக்கி வேறு இடத்தில் வைத்தார்கள். சாலையையும் தள்ளிப் போட்டார்கள். கோயிலை மட்டும் அசைக்கவில்லை. இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, சொந்த ஊர் ஜனங்களிடமே அந்த வர்க்கம் இப்படித்தான் நடந்துகொண்டது என்பது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

இப்போது கல்கத்தா. 1799-ல் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி இங்கே தனக்கு மாளிகை கட்ட ஆரம்பித்தார். அதே வருடம்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார், கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கம்பெனி கடைக்காரனாக இருந்தது போதும், இனி ராஜாவாகத் தெரிய வேண்டும் என்ற காலம். அதற்கு வெல்லஸ்லிக்குக் கிடைத்த மாதிரி கெடில்ஸ்டன். கம்பெனிப் படையின் எஞ்சினியர் சார்லஸ் வயட் வரைந்து, 1803-ல் முடித்தார். அங்கே பாதியில் நின்ற பிளான் இங்கே முழுசாக வந்தது: நாலு மூலைக்கும் நாலு கட்டிடம். அங்கே கல், இங்கே செங்கலும் சுண்ணாம்புப் பூச்சும். செலவைப் பார்த்து லண்டனில் கம்பெனி டைரக்டர்களே கொதித்துப்போனார்கள்.

சரியாக நூறு வருடம் கழித்து, 1899 ஜனவரியில் வைஸ்ராயாக வந்து இறங்கினார் ஜார்ஜ் கர்சன். கெடில்ஸ்டனில் பிறந்து வளர்ந்தவர். தன் வீட்டின் நகலிலேயே குடியிருந்து நம்மை ஆண்டார். பஞ்சத்தின் சுவடு மறையாத 1903-ல் தில்லி தர்பார் நடத்தினார். 1904-ல் நம் பழைய சின்னங்களைக் காக்கச் சட்டம் கொண்டு வந்ததும் அவர்தான். 1905-ல் வங்கத்தைப் பிரித்ததும் அவர்தான். போகும்போது கீழைநாட்டுப் பொருட்கள் ஏராளம் அவரோடு போயின. அவை கெடில்ஸ்டனின் கீழ்த்தளத்தில் ஒரு மியூசியமாக இருக்கின்றன. தர்பார் விருந்தில் அவர் மனைவி மேரி உடுத்திய மயில் கவுனும் அங்கேதான். தையல் பாரிஸ், ஜரிகை வேலை தில்லி.

1987-ல் வீடு நேஷனல் டிரஸ்ட் கைக்குப் போனது. 2020-ல் அந்த டிரஸ்ட், தன்னிடம் உள்ள எந்தெந்த இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்பு என்று ஒரு அறிக்கை போட்டது. 93 இடங்கள் வந்தன. உடனே அங்கே ஒரே கூச்சல்: ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தோட்டம் பார்த்து டீ குடிக்க விடமாட்டீர்களா என்று!

எனக்கு அந்தக் கூச்சல் புரியவில்லை. தூணின் உயரத்தைச் சொல்லலாம், எழுப்பிய கிராமத்தைச் சொல்லக் கூடாதா? கவுனின் அழகைச் சொல்லலாம், அது எந்தத் தர்பாருக்கு என்று சொல்லக் கூடாதா? சொன்னதால் 62 அடிக் குவிமாடம் ஒரு அங்குலம் குறைந்துவிடவில்லை.

அதே நியாயம் நமக்கும் உண்டு. கெடில்ஸ்டனைக் கட்டியபோது கர்சன்கள் இந்தியாவுக்கு வரவில்லை. "எல்லாம் நம்ம காசு" என்று ஒரே அடியாக அடித்தால் அதுவும் சோம்பேறித்தனம். கல்கத்தா மாளிகைக்கு அது பொருந்தும். டார்பிஷயர் வீட்டுக்குப் பொருந்தாது. அங்கிருந்து இங்கே வந்தது ஒரு உருவம். பார்த்தவுடன் தலை குனிய வைப்பதற்கென்றே கட்டிய உருவம். ஜான்சனின் கிண்டல் பலித்தது இப்படித்தான்: குடியிருக்க ஒத்துவராத வீடு, அதிகாரம் செய்ய ஒத்துவந்தது.

அந்த உருவத்துக்கு நாம் இன்னும் கொஞ்சம் குனிகிறோமோ என்பதுதான் என் கவலை. மாமாவின் "வெள்ளைக்காரன்தான்யா"வில் அது இருந்தது. சொல்லப்போனால், கெடில்ஸ்டன் வாசலில் நின்றபோது எனக்கும் இருந்தது.

ஆகவே ஊரிலிருந்து அடுத்து வருகிறவர்களுக்கு வாசல் சிங்கத்தைக் காட்டும்போது கிராமம் காணாமல் போன கதையையும் சேர்த்துச் சொல்வதாக இருக்கிறேன். லண்டன், பர்மிங்ஹாம் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள், அடுத்த முறை போகும்போது கெடில்ஸ்டனை ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள். தூண்களை ஆசை தீரப் பாருங்கள். அப்படியே அந்தத் தனிக் கோயிலையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.