ஒரு சாண் ஹோஸும் அரை நாள் வேலையும்



வாகனப் பேச்சு வந்தால் "அது ஆம்பிளைகளின் விடயம்" என்று எழுந்து போய்விடுவது நம்மில் பலருக்கு வழக்கம். ஆனால் பழுது பார்க்கக் கொடுக்கும் காசு குடும்பக் காசுதானே? ஆகவே, எங்கள் வீட்டுப் பழைய கார் கற்றுத் தந்த பாடத்தை இம்மாதம் உங்களுக்குச் சொல்கிறேன்.

கார் 1990களில் யப்பானில் தயாரானது. சில மாதங்களாக, நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது ஏறி இறங்கி நடுங்கியது. வீதி விளக்கடியில் நின்றால் சில வேளைகளில் அணைந்தும் போனது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதற்காகப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போனோம், தேறவில்லை. 2008இல் நம் நாட்டில் தொடங்கிய இந்தப் பரிசோதனையில் தேறாவிட்டால் அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். காட்டிய கராஜில் "எஞ்சினைக் கழற்றித்தான் ஆக வேண்டும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, மகளின் படிப்புக்கென்று நான் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு முழுவதையும் விழுங்கிவிடும். அன்றிரவு நானும் கணவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

கழற்றுவதற்கு முன் இன்னொருவரிடமும் காட்டுவோம் என்று, எங்கள் ஊரில் பழைய கார்களையே பார்க்கும் வயதான நானா ஒருவரிடம் போனோம். அவர் ஒரு நீண்ட இறப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் நின்றார். கையை உள்ளே விட்டு எதையோ நசுக்கினார். நடுக்கம் அடங்கியது.

"தங்கச்சி, எஞ்சினுக்கு ஒண்டுமில்ல. அது மூச்சு விடுற குழாய்தான் வெடிச்சிரிக்கி" என்றார்.

எஞ்சினுக்கு என்ன மூச்சு என்று கேட்டேன். பெற்றோல் எரியும்போது சிறிதளவு வாயு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே எண்ணெய் இருக்கும் பகுதிக்குள் கசிகிறது. அதில் எரியாத பெற்றோலும் நீராவியும் உண்டு. முற்காலத்துக் கார்களில் இதனை ஒரு குழாய் வழியே தெருவிலேயே விட்டுவிடுவார்கள். நகரக் காற்று கெட்டுப் போனதால் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதற்கு மாற்று வழி வந்தது. பீ.சீ.வீ. என்ற ஒரு வால்வும் ஒரு ஹோஸும் அந்த வாயுவை மீண்டும் எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும்.

அந்த ஹோஸ் வெடித்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்துவிடும். அப்போது பெற்றோலும் காற்றும் சேரும் அளவு பிழைத்து, எஞ்சின் நடுங்கும். எரியாத பெற்றோல் புகையோடு வெளியேறும். ஹோஸ் அடைத்துக்கொண்டாலோ உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் சீல்களால் கசியும். எண்ணெயும் விரைவில் கெட்டுப் போகும்.

எங்கள் காரில் அந்த ஹோஸ் மெனிபோல்டுக்கு அடியில், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத மூலையில் இருந்தது. நானா எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்தார். பிறகு பெற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, எயார் கிளீனர் பெட்டியையும் அதன் குழாயையும் அகற்றினார். சிறிய முகக் கண்ணாடி, டோர்ச், நீண்ட மூக்குக் குறடு ஆகியவற்றோடு வேலை தொடங்கியது. கழற்றும் ஒவ்வொரு குழாயிலும் நிறம் நிறமாக நூல் கட்டிக்கொண்டார். அந்த நூல் என் தையல் பெட்டியிலிருந்து போனது!

இறுகிய ஹோஸை அவர் இழுக்கவில்லை. இழுத்தால் அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் முனை ஒடிந்துவிடுமாம். முதலில் மெல்லத் திருகிப் பார்த்தார். அசையாததால் பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தார். வெளியே வந்ததைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. முன்பு யாரோ அந்த இடத்தில் சாதாரணத் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைச் செருகியிருந்தார்கள். எண்ணெயிலும் சூட்டிலும் அது ஊதி, மென்மையாகி, வளைவில் பிளந்திருந்தது. யார் கண்ணுக்கும் படாத இடம் என்ற துணிவுதான்.

என் கணவர் பழைய துண்டையும் காரின் செசி இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போய், அதே வளைவுள்ள ஹோஸை வாங்கி வந்தார். நேரான குழாயை வளைத்துப் போட்டால் மடிந்து அடைத்துக்கொள்ளும். எண்ணெயையும் பெற்றோலையும் தாங்கும் இறப்பராகவும் இருக்க வேண்டும். கை அந்த இடத்துக்குப் போயிருக்கும்போதே பீ.சீ.வீ. வால்வையும் பக்கத்துச் சிறு ஹோஸ்களையும் மாற்றிவிட்டோம். ஹோஸின் விலை ஒரு நேரக் கறிக்கு மீன் வாங்கும் காசு. கூலிதான் அரை நாளுக்கு. மறுமுறை பரிசோதனையில் கார் தேறியது. சீட்டுக் காசு அலுமாரியிலேயே இருக்கிறது.

எல்லா நடுக்கத்துக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரிய செலவுக்குத் தலையாட்டுமுன் "ஹோஸ்களைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். காருக்குள் பெற்றோல் மணத்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தாங்கியிலிருந்து வரும் ஆவிக் குழாயோ பெற்றோல் குழாயோ கசியலாம்; அது தீப்பற்றும் ஆபத்து. பிள்ளைகளை ஏற்றாமல் முதலில் அதைப் பார்ப்பியுங்கள்.

அந்தப் பிளந்த குழாய்த் துண்டை நான் வீசவில்லை. தையல் பெட்டியில், நூல்களுக்கு அருகில் கிடக்கிறது. அடுத்த முறை யாராவது "எஞ்சினைக் கழற்ற வேண்டும்" என்றால் எடுத்துக் காட்டுவதற்கு!