குருதி தமிழச்சியினது, முடிவுத்தாள் எவர் மொழியினது?

ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு விடியுமுன் பேருந்து ஏறும் உழைக்கும் பெண்டிருள் ஒருத்தியை எண்ணிப் பார்க்க. அவளுக்குத் தீராத சோர்வு. எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தாலும் உடல் அடித்துப் போட்டது போல் கிடக்கிறது. மயிர் கொட்டுகிறது, உண்பது குறைந்தும் உடல் பருக்கிறது, பிறர் வியர்த்து நிற்குங்கால் அவளுக்குக் குளிர்கிறது. மருத்துவர் குருதி ஆய்வுக்கு எழுதித் தருகிறார். மறுநாள் ஒரு தாள் கைக்கு வருகிறது. அவள் பெயர் முதல் அடிக்குறிப்பு ஈறாக அனைத்தும் ஆங்கிலம். மூன்று எண்கள், பக்கத்தில் மூன்று எல்லைகள். "எல்லாம் நார்மல்" என்று ஒரே சொல்லில் கதை முடிகிறது. தாள் இயல்பு என்று சொல்லிவிட்டதால் அவள் சோர்வு பொய்யாகிவிடுகிறது. வீட்டார் அவளைச் சோம்பேறி என்கின்றனர். மேற்பார்வையாளன் நடிப்பு என்கிறான்.

அவள் கொடுத்த குருதி அவளுடையது. கொடுத்த காசு அவள் உழைத்து ஈட்டியது. அவற்றின் விடையை மட்டும் அவள் படிக்கக் கூடாதென்றால், அது மருத்துவமா, மறைபொருள் வாணிகமா?

இது ஓரிருவர் குறை அன்று. சென்னை, பெங்களூரு உள்ளிட்ட 8 நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பெற்று 2013-இல் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர்க்கு இச்சுரப்பியின் குறை இருப்பதைக் காட்டியது. ஆண்களினும் பெண்களுக்கே அது மிகுதி. பத்தில் ஒருவரைத் தொடும் நோயின் தாள், பலர்க்கு விளங்காத மொழியில் அச்சாகிறது!

"இவற்றையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்கும் படிப்பாளிகள் உளர். சொல்லிக் காட்டுவதே அவர்க்கு விடை.

தைராய்டு என்பது ஆங்கிலமே அன்று. தாமசு வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1656-இல், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அச்சுரப்பிக்கு இட்ட பெயர் அது. ஆங்கிலேயன் கிரேக்கனிடம் கடன் வாங்கலாம். தமிழன் தன் வீட்டுச் சொல்லில் கேடயச் சுரப்பி என்றால் மட்டும் நகைப்பா? அச்சுரப்பி கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே அமைந்தது. உணவை ஆற்றலாக்கும் விரைவை அதன் சுரப்புநீரே ஆள்கிறது. அந்நீர் இருவகை: நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது நாலணு நீர், மூன்று கொண்டது மூவணு நீர். தாளில் டி-4, டி-3 என்று நிற்பவை இவையே. நாலணு, மூவணு என்ற அளவிலேயே பொருள் விளங்குகிறது. டி-4 என்பதில் என்ன விளங்கிற்று?

தாளின் மூன்றாம் எண் டி.எசு.எச். எனப்படுவது. அது கேடயச் சுரப்பியினின்று வருவதன்று. மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பி விடுக்கும் தூண்டுநீர். வேலை நடக்கவில்லையெனில் கண்காணி குரலை உயர்த்துவான், நடந்தால் தாழ்த்துவான். அது போலக் கேடயச் சுரப்பி சோம்பினால் தூண்டுநீர் ஏறும். மிகையாகச் சுரந்தால் இறங்கும். எண் ஏறினால் சுரப்பி மிகுந்து வேலை செய்கிறது என்று மக்கள் கருதுவது இதனை எவரும் தமிழில் சொல்லாமையால் நேர்ந்த பிழை.

பெரியவர்க்குத் தூண்டுநீரின் இயல்பு எல்லை பெரும்பாலும் 0.4 முதல் 4 வரை. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சற்றே மாறும். தூண்டுநீர் ஏறி நாலணு நீர் இறங்கியிருப்பின் அது வெளிப்படையான சுரப்புக் குறை, மருந்து தேவை. தூண்டுநீர் சற்றே ஏறி நாலணு நீர் இயல்பாக இருப்பின் அது மறைகுறை. 10-க்கு மேற்பட்டால் மருத்துவர் பெரும்பாலும் மருந்து தொடங்குவர். அதற்குக் கீழாயின் இரண்டு மூன்று திங்கள் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை. ஏனெனில் பலர்க்கு அது தானே இறங்கிவிடும். ஒரே தாளைக் கண்டு ஓர் ஆயுளுக்கு மாத்திரை எழுதுவதும் தவறு. ஒரே தாளைக் கண்டு நோயே இல்லையென விரட்டுவதும் தவறு.

எண் இயல்பாயிருந்தும் சோர்வு தொடர்வதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, சோர்வு வேறிடத்திலிருந்து வருவது. 2019-21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைப் பெண்டிரில் நூற்றுக்கு 53 பேர்க்குக் குருதிச் சோகை. இரும்புக் குறை, பி-12 உயிர்ச்சத்துக் குறை, சருக்கரை நோய், உறக்கக் கேடு, மனச்சோர்வு ஆகிய அனைத்தும் கேடயச் சுரப்பிக் குறை போலவே தோன்றும். முறைப்பணியில் இரவும் பகலும் மாறி மாறி உழைப்பவளுக்கு உறக்கக் கேட்டைத் தனியே சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது, தூண்டுநீரை மட்டும் பார்த்து ஏமாறுவது. கண்காணியே நோயுற்றால் அவன் குரலைக் கொண்டு வேலையை எப்படி அளப்பது? மகப்பேற்றின்போது பெருங்குருதி இழந்த தாய்மாருள் சிலர்க்கு மூளையடிச் சுரப்பி பழுதுபடும். பால் சுரக்காது; மாதவிலக்கு நின்றுவிடும்; ஆண்டுக்கணக்கில் சோர்வு வாட்டும். அவர்களின் தூண்டுநீர் எண் இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கக் கூடும்; கட்டற்ற நாலணு நீரையும் சேர்த்துப் பார்த்தாலன்றி நோய் புலப்படாது. தன் மகப்பேற்றின் கதையை அவள் தன் மொழியில் சொல்லவும், அதை மருத்துவர் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். எண்ணை மட்டும் படிக்கும் மருத்துவம் இங்கே ஓர் உயிரையே இழக்கக் கூடும்.

மூன்றாவது, ஆய்வே பிறழ்வது. மயிர் வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோடின் மாத்திரை சில ஆய்வு முறைகளில் தூண்டுநீரைக் குறைத்தும் சுரப்புநீரைக் கூட்டியும் பொய்க்கணக்குக் காட்டும். ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பேனும் அதை நிறுத்த வேண்டும். தூண்டுநீர் இரவில் ஏறிப் பிற்பகலில் இறங்குவது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குருதி கொடுத்தாலே முன்னதையும் பின்னதையும் ஒப்பிட இயலும்.

நான்காவது, மாத்திரை உடலிற் சேராமை. வெறும் வயிற்றில் நீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே உண்ண வேண்டும். கேழ்வரகுக் களியாயினும் தேநீராயினும் அவ்விடைவெளி வேண்டும். இரும்பு, சுண்ணக மாத்திரைகளுக்கோ நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். விடியற்காலைப் பேருந்தைப் பிடிப்பவளுக்கு இது அரிதெனில், கடைசி உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்குமுன் விழுங்கும் வழியும் உண்டு. மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அளவு மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்த்தாலே எண் உண்மை சொல்லும். மாத்திரை உண்பவள் கருவுற்றால் அன்றே மருத்துவரிடம் கூற வேண்டும். அளவு பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். பிறக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி அதைச் சார்ந்தது.

இத்தனையும் தமிழிலேயே சொல்லப்பட்டன. எங்கே முட்டுப்பாடு வந்தது? இவற்றுள் ஒன்றேனும் அத்தாளில் ஒரு பெண்ணுக்குச் சொல்லப்பட்டதுண்டா?

"தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது" என்போர் வரலாறும் அறியார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் முப்பதுக்கும் மேற்பட்டோர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, வேதியல் நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அவற்றின் சொற்களில் வடமொழி மிகுந்திருந்தது உண்மையே. ஆயினும் அயல்நாட்டான் ஒருவன் 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியதை, தமிழ்த்தாய் வயிற்றிற் பிறந்தோர் 21-ஆம் நூற்றாண்டில் இயலாதென்பது நாணத் தக்கது.

சப்பானியரைப் பார்க்க. 1774-இல் ஒல்லாந்த மொழி உடற்கூற்று நூலைப் பெயர்த்த சுகிட்டா கென்பக்கு முதலியோர், நரம்பைக் குறிக்கத் தம்மிடம் சொல் இல்லையெனக் கண்டபோது புதுச்சொல் ஆக்கினர், கைகட்டி நிற்கவில்லை. உடலே கேடயச் சுரப்பியைத் தாக்கி அழிக்கும் நோயை 1912-இல் முதன்முதல் விளக்கியவரும் ஆசிமோட்டோ என்னும் சப்பானிய மருத்துவரே. தாய்மொழியில் மருத்துவம் கற்கும் நாடு உலகுக்குப் பின்தங்கிவிடவில்லை.

ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராசகோபாலாச்சாரியாரே, அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்க 1916-இல் சேலத்தில் ஒரு கழகம் கண்டவர். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. அதே இராசகோபாலாச்சாரியார் 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார் என்பது வேறு கதை. 2022 அக்டோபரில் போபாலில் மருத்துவப் படிப்புக்கு இந்தி நூல்கள் நடுவண் அமைச்சரால் வெளியிடப்பட்டன. இந்திக்கு இயலுவது தமிழுக்கு இயலாதா? ஆங்கிலம் அகன்ற இடத்தில் நாளை இந்தி வந்தமர்ந்த பின்னரா தமிழர் விழித்தெழுவது?

எல்லைப்புறத்தில் பலமொழியினர் வாழ்கின்றனரே என்பர். ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக உள்ளனர். அவர்களை எவரும் பகைக்கவில்லை. அவர்க்கும் ஆங்கிலத் தாள் விளங்குவதில்லை. தமிழ் முதலிலும், வேண்டுவோர்க்கு அவர்தம் தாய்மொழி அடுத்தும் அச்சிடட்டும். கணிப்பொறி யுகத்தில் ஒரே தாளை இரு மொழியில் அச்சிட ஒரு நொடி போதும். இல்லாதது கருவியன்று, மனம்.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இலேயே உண்டு. அதன் விதிகள் 2018-இல் வந்தன. ஆய்வு முடிவுகளைத் தமிழிலும் தருதல் பதிவுக்குரிய கட்டாயம் என்று அவ்விதிகளில் ஒரு வரி சேர்த்தாற் போதும். எண், இயல்பு எல்லை, அதன் பொருள், அடுத்துச் செய்ய வேண்டுவது ஆகிய நான்கும் தமிழில் இருத்தல் வேண்டும். அவ்வரியை எழுத அரசுக்குக் காசு வேண்டா, துணிவு வேண்டும்.

அதுவரை தமிழர் வாய்மூடி இருத்தல் ஆகாது. தாளைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும் அங்கேயே நின்று, "இதைத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். கட்டற்ற நாலணு நீர் பார்க்கப்பட்டதா, சோகை பார்க்கப்பட்டதா, மீண்டும் எப்போது பார்ப்பது என வினவ வேண்டும். மருத்துவரைப் பகைப்பதற்கன்று; மருத்துவம் நிறைவுறுவதற்கே இது. தாமே மாத்திரையை நிறுத்துவதும் கூட்டுவதும் அறிவுடைமை ஆகா. கேட்டுத் தெளிவதே அறிவுடைமை.

தமிழ் மேடைக்கும் மாலைக்கும் மட்டும் உரிய மொழியன்று. உழைக்கும் பெண்ணின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அவளுக்கே எடுத்துச் சொல்லும் இடத்தில்தான் அதன் ஆட்சி மெய்ப்படும். அவ்விடத்தைப் பிறமொழிக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, வேறெங்கு முடிசூட்டினும் அது வெறும் காகிதமுடியே.