அடுத்த ஊசிக்கு யார் துணை?

தில்லியில் பிள்ளைகளோடு வாழும் நம் பெரியவர்கள் சிலருக்கு, வயதின் காரணமாக விழித்திரையின் நடுப்பகுதி பழுதடைகிறது. பக்கப்பார்வை இருக்கும், எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கதவின் நேர்க்கோடு வளைந்து தெரியும். இதில் கசிவுள்ள வகைக்குக் கண்ணிலேயே ஊசி போடுகிறார்கள். சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்த பிறகே போடுவதால் வலி அதிகமில்லை. செலவும் முன்போல் மலைக்க வைப்பதில்லை. விலை குறைந்த பெவாசிசுமாப், விலையுயர்ந்த ரானிபிசுமாப்புக்கு ஏறக்குறைய இணையான பலன் தருவதை 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஆனால் ஓர் ஊசியோடு முடிவதில்லை. பெரும்பாலும் முதலில் மாதம் ஒன்றாக மூன்று. பிறகும் தொடர வேண்டும். இந்தி தெரியாத பெரியவர் தனியே போக இயலாது. ஒவ்வொரு முறையும் மகனோ மருமகளோ லீவு போட வேண்டும். "இப்போ பரவாயில்லைப்பா, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று அவரே தள்ளிப்போடுவார். அது குணமல்ல, கூச்சம். இழந்த பார்வையோ பெரும்பாலும் திரும்புவதில்லை.

பொங்கல் விழாவுக்குத் தொண்டர் பட்டியல் போடும் நம் சங்கம், மருத்துவமனைத் துணைக்கும் பகுதிவாரியாக ஒரு பட்டியல் போடலாமே! பணி ஓய்வு பெற்ற அன்பர்கள் மாதம் ஒரு காலைப்பொழுதைத் தந்தால் போதும். விழா மேடையைக் காணப் பெரியவர்களுக்குக் கண் வேண்டாமா?