கைதட்டினால் போதுமா?

மாற்றுத்திறனாளி ஒருவர் அரிய செயல் செய்தார் எனக் கேட்டவுடன் நாம் கைதட்டுகிறோம். அது நல்ல பண்பே. ஆயினும், தட்டிய கைகள் அதன்பின் என்ன செய்கின்றன என்பதைக் கொண்டே நம் பாராட்டின் உண்மையை அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் சிறந்த குதிரையேற்ற வீராங்கனை. 1944ஆம் ஆண்டு, தம் 23ஆம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. குதிரைமீது ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. எனினும், ஏறி அமர்ந்தபின் தம் உடலின் சிறு அசைவுகளாலேயே குதிரையை நடத்தினார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் வெள்ளி வென்றார். பிறரிடம் உதவி பெறுவது இழிவன்று. தக்க துணை கிடைத்தால் திறமை தானே வெளிப்படும் என்பதற்கு அவர் சான்று.

லிஸ் ஹார்டெலுக்குக் குதிரை வாய்த்தது போல, நாம் வாழும் கேரளத்தில் ஒருவருக்குப் படகு வாய்த்தது. அவர் கோட்டயம் மாவட்டம் குமரகம் பகுதியைச் சேர்ந்த என். எஸ். ராஜப்பன். இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் இயக்கத்தை இழந்தவர். நிலத்தில் நடக்க இயலாத அவர், நீரில் துடுப்பு வலித்துச் சென்று, வேம்பநாட்டுக் காயலில் மிதக்கும் நெகிழிப் புட்டிகளைப் பல ஆண்டுகள் சேகரித்தார். 2021 ஜனவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் அவரைக் குறிப்பிட்டபோது நாடே கைதட்டியது.

வேம்பநாட்டுக் காயல் வெறும் நீர்ப்பரப்பன்று. 2002ஆம் ஆண்டு முதல் அது பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலம். நீர்க்காகமும் கொக்கும் நாரையும் அங்கே இரை தேடுகின்றன. தொலைநாடுகளிலிருந்து வலசை வரும் வாத்துகளும் அங்கே தங்குகின்றன. நீரில் வீசப்பட்ட நெகிழி மக்குவதில்லை. வெயிலில் நொறுங்கித் துகள்களாகி மீனின் வயிற்றை அடைகிறது. மீனை உண்ணும் பறவைக்கும் அதே நஞ்சுதான் உணவாகிறது. ஆகவே, புட்டி ஒன்றை நீரிலிருந்து அகற்றுவதும் உயிரினப் பாதுகாப்பே.

“அவர் புட்டிகளை விற்றுப் பிழைத்தார்; அது எப்படித் தொண்டாகும்?” எனச் சிலர் வினவலாம். வெற்றுப் புட்டிகளுக்கு எடை ஏது? படகு நிறையச் சேர்த்தாலும் கிடைக்கும் பணம் சிறிதே. மேலும், ஒருவர் தம் உணவையும் ஈட்டி, ஊருக்கும் நன்மை செய்தால் அது குறையாகுமா? உழவர் செய்வதும் அதுதானே!

இங்கே நாம் நாண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நடக்க இயலாத ஒருவர் பொறுக்கிய குப்பை, நடக்க இயன்றவர்கள் வீசிய குப்பை. நம் வலியசாலைக்கு அருகே கிள்ளிப்பாலத்தின் கீழ் ஓடும் கிள்ளியாறு, கரமனையாற்றில் கலந்து கடலை அடைகிறது. இங்கே ஓடையில் எறியும் புட்டியும் அந்த வழியே செல்லும். ராஜப்பனைப் பாராட்டிவிட்டு அதே கையால் புட்டியை எறிந்தால், நம் பாராட்டு பொய்யாகிவிடும்.

மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. ராஜப்பனின் படகு போல, ஒவ்வொருவருக்கும் ஏற்ற வழி திறந்திருக்க வேண்டும். பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்தும் வகையில் அமைய வேண்டும் என 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. பூங்காவிலும் பறவைகள் சரணாலயத்திலும் சக்கர நாற்காலி செல்லும் பாதை இல்லையெனில், இயற்கையைக் காக்க விரும்பும் ஒருவரை நாமே வாயிலில் நிறுத்திவிடுகிறோம். இழப்பு அவருக்கு மட்டுமன்று, காட்டுக்கும் காயலுக்கும்தான்.

எனவே, மாணவர்களே, கைதட்டுங்கள். பின்பு அக்கைகளால் குப்பையை உரிய இடத்தில் சேருங்கள். உடன் பயிலும் நண்பருக்கு வழியில் தடை இருந்தால், அதனை நீக்கப் பள்ளியிடம் எழுதிக் கேளுங்கள். அதுவே உண்மையான மரியாதை.

சிந்தித்து எழுதுக:
1. பாராட்டு எப்போது பொய்யாகிறது என ஆசிரியர் கருதுகிறார்?
2. உங்கள் பள்ளியில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையாக உள்ள ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, அதனைச் சீர்செய்ய வேண்டித் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுக.