பிள்ளை தூங்கின பிறகு தொடங்கும் ஆட்டம்

இந்தப் பொங்கலுக்கு ஐந்து வயதுப் பேத்தியைக் கபடிப் போட்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்காக வீட்டில் இன்னும் திட்டு விழுந்துகொண்டிருக்கிறது. "பச்சப் பிள்ளைய பனியில உட்கார வச்சிட்டு வந்திருக்கீங்களேப்பா" என்கிறாள் மகள். பிள்ளைக்கு இருமல் வந்தது உண்மைதான். ஆனால் குற்றவாளி நான் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி, மாலை 6 மணி' என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஐந்தரைக்கே போய் முன்னால் இடம் பிடித்துவிட்டோம். ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது, பாட்டு போட்டார்கள். ஏழரைக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வாசித்தார்கள். எட்டு மணிக்குமேல் சிறப்பு விருந்தினர் வந்தார். ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு பேச்சு. "தாத்தா, எப்போ கபடி கபடின்னு சொல்லுவாங்க?" என்று அவள் நாலைந்து தடவை கேட்டாள். ஒன்பது இருபதுக்கு முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதினார்கள். அப்போது அவள் என் மடியில் தூங்கிப்போயிருந்தாள். தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் எழுந்ததும் கேட்டாள்: "யார் ஜெயிச்சாங்க தாத்தா?"

விடிகாலை நாலு மணிக்குத்தான் முடிந்ததாம். எனக்கும் தெரியவில்லை.

நான் வெள்ளிமலையில் வாத்தியாராக இருந்தவன். எண்பதுகளில் கல்வராயன் மலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் சடுகுடு ஆடுவார்கள். திடலில் விளக்கு கிடையாது. மாடு திரும்பும் நேரத்துக்கு ஆட்டம் முடிந்தாக வேண்டும். சாமைக் காட்டிலிருந்து வரும் அம்மாக்கள் இடுப்புக் குழந்தையோடு நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வந்தவர்கள் எல்லாரும் முடிவைப் பார்த்தார்கள். விளக்கு வந்தது நல்லதுதான். ஆனால் விளக்கு இருக்கிறது என்பதற்காக விடிய விடிய ஆட வேண்டும் என்று யார் சொன்னது?

போட்டி நடத்தும் தம்பிகளிடம் கேட்டேன். "பதினாறு டீம் சார், நேரம் ஆகத்தான் செய்யும்" என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோற்றால் வெளியே என்ற முறையில் 16 அணிக்கு 15 ஆட்டம். ஒரு ஆட்டம் 20 நிமிடமாக இரண்டு பாதி, மொத்தம் 40 நிமிடம். இடைவேளை சேர்க்காமலேயே 10 மணி நேரம். ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கினால் காலை ஏழு மணி ஆகும். நேரத்தைக் குறைத்து ஆடினாலும் விடிந்துவிடும். இது கணக்குத் தெரியாமல் நடக்கவில்லை. பிள்ளைகள் யார் கணக்கிலும் இல்லாததால் நடக்கிறது.

"பகல்ல வெயில் சார்" என்றும் ஒரு பதில். தை மாதத்தில் நாலரை மணிக்கு என்ன வெயில்?

இந்தச் சண்டை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் உலகத் தொடர் ஆட்டங்களைப் பகலில்தான் தொடங்குவார்கள். 1971இல் தொலைக்காட்சிக்காக முதல்முறை ஓர் ஆட்டத்தை இரவுக்கு மாற்றினார்கள். பிறகு ராத்திரியே வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் முடிவைப் பார்க்காமல் தூங்கிப்போகிறார்கள் என்று அங்கே அப்பாமார் புலம்பினார்கள். கடைசியில் 2023இல் பந்து எறிகிறவருக்குக் கடிகாரம் வைத்தார்கள். ஆட்டத்தின் சராசரி நேரம் சுமார் 24 நிமிடம் குறைந்தது. மனது வைத்தால் முடிகிறது. நம் ஐபிஎல் ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றைத் தாண்டுகிறது. அங்கே கோடிக்கணக்கில் விளம்பரப் பணம், அவர்களுக்கு ஒரு சாக்கு உண்டு. ஊர்த் திடலில் நமக்கு என்ன சாக்கு?

இருமலைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அன்று ஆறு மணிக்குத் திடலில் பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதுக்கு ஒருத்தரையும் காணோம். பெண்களும் பிள்ளைகளும் எழுந்து போன இடத்தில் பாட்டில் வந்து உட்காரும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60 பேருக்குமேல் பறிகொடுத்த ஊர் நம்முடையது. இங்கே ராத்திரியை யார் கையில் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடியவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. எல்லாரும் வாட்ஸ்அப்பில் பாராட்டினோம். நம் ஊரிலும் ஒரு கார்த்திகா வரவேண்டும் என்றால், ஐந்து வயதில் அவள் ஒரு ஆட்டத்தையாவது முழுசாகப் பார்த்திருக்க வேண்டாமா?

ஆகவே தம்பிகளே, வாத்தியார் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். முதல் சுற்றுகளை முந்தின நாள் பகலிலேயே முடியுங்கள். இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி, மூன்று ஆட்டம் மட்டும் மறுநாள் மாலைக்கு வையுங்கள். ஐந்து மணிக்குத் தொடங்கினால் எட்டுக்குள் முடிந்துவிடும். சால்வையும் பேச்சும் கோப்பை கொடுத்த பிறகு இருக்கட்டும். கேட்க விரும்புகிறவர்கள் இருந்து கேட்பார்கள்.

அடுத்த பொங்கலுக்கு இவளுக்கு ஆறு வயது. மறுபடியும் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன், மகள் என்ன திட்டினாலும் சரி. இந்தத் தடவை குல்லாயும் போர்வையும் எடுத்துக்கொள்வேன். யார் ஜெயித்தார்கள் என்று அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.