பாட்டை நிறுத்திவிட்டு ஆற்றைக் கேளுங்கள்

போன வருஷம் ஜூன் மாதம். இமாச்சலப் பிரதேசம் கசோலில் பார்வதி ஆற்றங்கரை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கரையிலிருந்து பத்தடி தள்ளி ஆற்றுக்குள் கிடந்த பெரிய பாறைமேல் ஆறு பையன்கள். பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, நம்மூர்ப் பிள்ளைகள். ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறான். இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். நடுவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கிறது. கரையில் டீக்கடை வைத்திருக்கும் உள்ளூர்ப் பெரியவர் விசில் அடித்து, கையை ஆட்டிக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார். அவர்கள் காதில் விழவில்லை.

நான் விளிம்புவரை போய், "தம்பி, தண்ணி ஏறுது, வாங்கப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "ஒரே ஒரு போட்டோக்கா, இதோ வந்துடறோம்" என்றான் ஒருவன். அந்த ஒரே ஒரு போட்டோ முடிய இருபது நிமிஷம் ஆனது. அவர்கள் திரும்பும்போது, போகையில் மிதித்துப்போன கற்களில் இரண்டு தண்ணீருக்குள் முங்கியிருந்தன. கீழே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளில் நாலு ஜோடியைக் காணோம். தொடைவரை நனைந்து, ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக் கரையேறினார்கள். சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அங்கே போகாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. போகவேண்டிய ஊர்தான் அது. பியாஸ் ஆற்றோடு பார்வதி கலக்கும் புந்தரிலிருந்து மலைப்பாதையில் சுமார் 30 கிலோமீட்டர் ஏறினால் கசோல். இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள், எதிரே பனிமலை, நடுவே பால் கலந்தாற்போல வெளுத்த தண்ணீர். இன்னும் கொஞ்சம் மேலே மணிகரண். ஒருபுறம் உடம்பு விறைக்கும் ஆறு, அதன் கரையிலேயே அரிசி வேகும் சூட்டில் வெந்நீர் ஊற்று. அதற்கும் மேலே பர்ஷைனி. அங்கிருந்துதான் கீர்கங்காவுக்கு நடந்து ஏறுகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய பள்ளத்தாக்கு. ஆனால் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆறு எப்படிப்பட்டது என்று கேட்டுக்கொண்டு போகிறோம்?

பனி உருகி வரும் ஆற்றுக்கு ஒரு தினசரிக் கணக்கு உண்டு. பகலெல்லாம் வெயில் காய, மேலே பனி உருகும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அதனால் காலையில் கணுக்கால் அளவு ஓடிய இடத்தில் சாயங்காலம் இடுப்பளவு ஓடக்கூடும். காலையில் கல் தாண்டிப் போனோமே என்ற தைரியத்தில் மாலையில் அதே கல்லை நம்பிக் கால் வைப்பவர்களை நான் கண்ணால் பார்த்தேன். அந்தத் தண்ணீரின் குளிரும் நமக்குப் பழக்கமில்லாதது. விழுந்த நொடியில் மூச்சு திணறி, வாய் தானாகத் திறந்துகொள்ளும். சில நிமிஷங்களில் கைகால் விறைத்துவிடும். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, நீச்சல் தெரியும் என்பதே அங்கே ஆபத்தான துணிச்சலாகிவிடுகிறது.

இதற்குமேல் அணை. பர்ஷைனியில் பார்வதியை மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். 800 மெகாவாட் நீர்மின் திட்டம் அது. ஆற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்த 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கத்தில் திருப்பி விடுகிறார்கள். அணைக்குக் கீழே ஆறு மெலிந்து, பாறைகள் வெளியே தெரிந்து, இறங்கி வா என்று கூப்பிடுவதுபோல் கிடக்கும். மதகு திறந்தால் அந்த ஆறு வேறு ஆறு. மழையும் அப்படித்தான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே எங்கோ பெய்த மழையின் வெள்ளம் வந்துகொண்டிருக்கும்.

2014 ஜூன் 8-ஐ நாம் எப்படி மறந்தோம்? ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள், இதே இமாச்சலத்தில் மண்டி மாவட்டம் தலோட் அருகே பியாஸ் ஆற்றில் இறங்கிப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். லார்ஜி அணையிலிருந்து திறந்த தண்ணீர் வந்தது. 24 மாணவ மாணவியர் அடித்துச் செல்லப்பட்டார்கள். பாறையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை நாடே டிவியில் பார்த்தது. உடல்களைத் தேடி எடுக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. போதிய எச்சரிக்கை இல்லாமல் தண்ணீர் திறந்தவர்களின் பொறுப்பை நீதிமன்றம் கேட்டது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையை இழந்த பெற்றவர் மனதுக்கு எந்தத் தீர்ப்பு ஆறுதல் தரும்?

அதற்குப் பிறகும் பாடம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. 2022 ஜூலையில் மணிகரண் பக்கம் சோஜ் கிராமத்தில் மேகவெடிப்பு. ஓடையோரம் இருந்த கேம்ப்பும் மனிதர்களும் வெள்ளத்தில் போனார்கள். 2023 ஜூலை வெள்ளத்தில் கசோலில் நிறுத்தியிருந்த கார்கள் மிதந்து போயின. சாலை போய், கரண்ட் போய், போனும் போய் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த சீசனில் மறுபடியும் தண்ணீர் ஓரமாகவே கூடாரம். 'ஆற்றோரத் தங்கல்' என்று சொன்னால் வாடகை கூடும் என்பதற்காகக் கூடாரத்தை ஆற்றின் மடியில் அடிக்கிறார்கள். கூடாரத்துக்குக் காசு கொடுப்பவர்கள் நாம்தானே!

எனக்குப் பயண ஏற்பாடு செய்து கொடுத்தவர் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொன்னார், வாந்தி மாத்திரை சொன்னார், எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம் என்றுகூடச் சொன்னார். ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழைத்துப்போகிற டிரைவரோ, அறை கொடுக்கிறவரோ "சாயங்காலம் தண்ணீர் ஏறும், இறங்காதீர்கள்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் எவ்வளவு பெரிய உபகாரம்! அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன செலவு?

எல்லாவற்றையும்விட என்னை வதைப்பது அந்த ஸ்பீக்கர்தான். ஆறு சும்மா வராது. தண்ணீர் ஏறும்போது இரைச்சல் மாறும், கல் உருளும் சத்தம் கேட்கும், தெளிந்த நீர் கலங்கும், சுள்ளியும் சருகும் மிதந்து வரும். அணை திறக்கும் இடங்களில் சைரன் ஊதுவார்கள். கரையில் இருக்கிறவர்கள் கத்துவார்கள். இவ்வளவையும் கேட்கவிடாமல் காதை நாமே அடைத்துக்கொண்டால் யார் வந்து காப்பாற்றுவது? பல நூறு மைல் தாண்டிப் போய், ஊரில் கேட்ட அதே பாட்டை இன்னும் சத்தமாகக் கேட்பதற்கா அந்த மலை?

நான் பிறந்தது பவானி. மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றில் இறங்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போவார்கள். அன்றைக்குப் படித்துறைப் பக்கம் போனால் அப்பா முதுகுத் தோலை உரித்துவிடுவார். குளிக்கிற நாளிலும் முதலில் கரையில் துவைப்பவர்களிடம், "இன்னைக்குத் தண்ணி எப்படிங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்களை இறங்கவிடுவார். ஆற்றங்கரைக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஊரைத் தாண்டினால் அதை ஏன் விட்டுவிட்டுப் போகிறோம்?

மலைக்குப் போகிற தம்பிகளே, தங்கைகளே, அப்பா கேட்ட அந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆற்றங்கரை டீக்கடையில் ஒரு டீ வாங்கி, கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். படத்தைக் கரையில் நின்று எடுங்கள். பாட்டை நிறுத்துங்கள். நீங்கள் பத்திரமாகத் திரும்பி வருவீர்கள் என்று நம்பித்தான் வீட்டில் வழியனுப்பி வைத்திருக்கிறார்கள்.